சாரைத் திட்ட ஓர் ஆள்

ஒரு தொகுதியில் ஒரு சீடர் இருந்தார். அவர்தான் அந்தத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். வயது அறுபத்தொன்று. பெயர் தணிகாசலம். அந்தப் பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை. ‘சார்’ என்பார்கள்.

அவருடைய குருவுக்கு வயது நாற்பத்தாறு. பெயர் பூங்காவனம். இதற்கு முன் இரண்டு முறை அதே தொகுதியில் உறுப்பினராக இருந்த அம்மாள். மூன்றாவது முறை நின்று தோற்றார். தோற்கடித்தவர் மேற்படி சீடர்தான். அதற்கெல்லாம் வெகுகாலம் முன்பு, பத்தாம் வகுப்பில், குரு சீடரிடம் கணக்குப் படித்தவர்.

இவ்வளவு குழப்பத்துக்கு நடுவிலும் ஞானம் வந்துதான் சேர்ந்தது. எப்படி என்று சொல்கிறேன்.

தணிகாசலம் சார் அந்த ஊர் மேல்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியராகச் சேர்ந்து, அங்கேயே தலைமையாசிரியராகி, அங்கேயே ஓய்வு பெற்றவர். ஊரில் பாதிப்பேர் அவரிடம் படித்தவர்கள். மீதிப்பேர் அப்படிப் படித்தவர்களைப் பெற்றவர்கள். அவர் தெருவில் வந்தால் பீடி பிடிக்கிறவர்கள் பீடியை முதுகுக்குப் பின்னால் ஒளிப்பார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்களும் ஒளிப்பார்கள். அது மரியாதை என்று சார் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு கட்சியின் தலைமை இதைக் கவனித்தது. இவரை நிறுத்தினால் பிரசாரமே வேண்டாம் என்று கணக்குப் போட்டது. கணக்கு தப்பவில்லை. வீட்டுப்பாடம் செய்யாதவனை முகத்தைப் பார்த்தே பிடித்தவர், ஓட்டுப் போடாதவனைப் பிடிக்கமாட்டாரா என்று ஊர் பயந்தது. விடிந்ததும் விடியாததுமாகப் போய் வரிசையில் நின்று பட்டனை அழுத்திவிட்டு வந்தது.

அவர் கொடுத்த வாக்குறுதி ஒன்றே ஒன்றுதான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் அக்கரைமேடு என்று ஒரு சிற்றூர். நடுவே உள்ள தரைப்பாலம் மழைக்காலத்தில் முழுகிவிடும். முழுகினால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் வர முடியாது. அங்கே ஓர் உயர்மட்டப் பாலம் வாங்கித் தருகிறேன் என்றார். வாய் வார்த்தைக்குச் சொல்லவில்லை. ஐப்பசி வந்தால் அக்கரைமேட்டுப் பிள்ளைகளின் பெஞ்சு காலியாகக் கிடப்பதை வருடா வருடம் பார்த்தவர் அவர். அது அவருக்கு உண்மையாகவே வலித்தது.

முதல்முறை உறுப்பினர் என்பதால் சபையில் அவருக்குக் கடைசி வரிசையில் இடம் கொடுத்தார்கள். கடைசி பெஞ்சுக்காரர்களைப் பற்றித் தான் வாழ்நாளெல்லாம் சொல்லிவந்த கருத்துகளை நினைத்து, சில நாள் கூசிப்போய் உட்கார்ந்திருந்தார். பிறகு பேச அழைப்பு வந்தது. ஐந்து நிமிடம்.

அவருக்குத் தெரிந்த பேச்சு ஒரு பீரியடு நீளம். முதலில் போன வகுப்பில் நடந்ததை நினைவுபடுத்த வேண்டும். ஆகவே தனக்கு முன்னால் பேசியவர் என்ன சொன்னார் என்று சுருக்கமாகச் சொல்லி, அதில் இருந்த கூட்டல் பிழையைத் திருத்தினார். அடுத்து முன்னுரை. நைல் நதியில் தொடங்கினார். நடுவே பேசிக்கொண்டிருந்த இரண்டு உறுப்பினர்களை, “நான் கடைசியா என்ன சொன்னேன்?” என்று கேட்டார். இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, உலகத்து ஆறுகளை எல்லாம் முடித்து, ஒருவழியாக நம் ஆற்றங்கரைக்கு வந்து சேர்ந்தார். “ஆகவே, மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, நான் கேட்பது என்னவென்றால்” என்றார். பேரவைத் தலைவர் மணி அடித்தார்.

மணி அடித்தால் மற்ற உறுப்பினர்கள் இன்னும் ஒரு நிமிடம் என்று கெஞ்சுவார்கள். சிலர் மணியே அடிக்காதது போலப் பேசுவார்கள். தணிகாசலம் சார் காலமெல்லாம் மணிச் சத்தத்துக்கு நடந்தவர். வாக்கியத்தை அப்படியே விட்டார். காகிதங்களை அடுக்கினார். கண்ணாடியைக் கழற்றிக் கூட்டில் வைத்தார். நேராக நடந்து சபையைவிட்டு வெளியே போய்விட்டார்.

வெளியே போன பிறகுதான் அடுத்து எந்த வகுப்பு என்று யோசித்திருக்கிறார். அதற்குள் காமிராக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ஆளுங்கட்சி உறுப்பினர் சொந்த ஆட்சியையே கண்டித்து வெளிநடப்பு செய்தார் என்று மதியத்துக்குள் எல்லாத் தொலைக்காட்சியிலும் ஓடியது. எதிர்க்கட்சிகள் அவருடைய துணிச்சலைப் பாராட்டின.

கட்சிக் கொறடா அவரைத் தன் அறைக்கு அழைத்து, என்ன சார் இது என்று கேட்டார். மணி அடித்தது என்றார் இவர். கொறடா வெகுநேரம் இவர் முகத்தையே பார்த்தார். பொய் சொல்லும் முகமாகத் தெரியவில்லை. அடுத்த வாரம் நெடுஞ்சாலைத் துறை மானியக் கோரிக்கை வருகிறது, தலைமையின் கையைக் காலைப் பிடித்து இன்னொரு ஐந்து நிமிடம் வாங்கித் தருகிறேன், அதிலும் பாலத்தைக் கேட்காமல் விட்டால் இந்த வருடம் பாலம் இல்லை என்று சொல்லி அனுப்பினார். மணி அடித்தால் உட்கார மட்டும் செய்யுங்கள் என்றும் சொன்னார்.

சார் ஊருக்குத் திரும்பினார். மக்கள் கோபமாக இருப்பார்கள் என்று பயந்துகொண்டேதான் திரும்பினார். யாரும் கோபப்படவில்லை. வழியெல்லாம் எழுந்து நின்று வணக்கம் சார் என்றார்கள். அக்கரைமேட்டுக்கே போய், நடந்தது என்ன என்பதை மணிக்கணக்கில் விளக்கினார். முடிவில், “புரிஞ்சுதா?” என்று கேட்டார்.

“புரிஞ்சுது சார்” என்றது ஊர், ஒரே குரலில்.

அவருக்கு நிம்மதியாக இருந்தது.

திரும்பும் வழியில் கடைத்தெருவில் ஒரு மாவு மில். வாசலில் கூட்டம். கூட்டத்தில் சற்று முன் புரிஞ்சுது சார் என்று சொன்ன அக்கரைமேட்டுக்காரர்கள் நாலைந்து பேர், இவருக்கு முன்னால் குறுக்கு வழியில் வந்து நின்றுகொண்டிருந்தார்கள். கையில் அரிசி இல்லை, மிளகாய் இல்லை. மனு இருந்தது.

அந்த மில் பூங்காவனத்தின் கணவருடையது. பதவி போன பிறகு பூங்காவனம் அங்கேதான் உட்காருவார். ஒரு பக்கம் மாவு விழும், இன்னொரு பக்கம் மனு விழும். பட்டா, முதியோர் பென்ஷன், தண்ணீர் வராத குழாய், எல்லாம் அங்கேதான் வந்தன. சாரின் சட்டமன்ற உறுப்பினர் அலுவலகத்திலோ, அவர் பதவிக்கு வந்த நாளிலிருந்து ஒரு மனுகூட வந்ததில்லை. தொகுதியில் குறையே இல்லை என்று சபையில் பெருமையாகச் சொல்லக்கூட அவர் எண்ணியிருந்தார்.

அவர் மில்லுக்குள் நுழைந்தார். கூட்டம் எழுந்து நின்றது, வணக்கம் சொன்னது, மறைந்தது. ஓர் அம்மாள் பாதி அரைத்த மிளகாயை மெஷினிலேயே விட்டுவிட்டு ஓடிவிட்டார். பூங்காவனம் நாற்காலியை விட்டு எழுந்து மெஷினை நிறுத்தினார். சார் ஒரு கோதுமை மூட்டையின் மேல் உட்கார்ந்தார். உட்காரும்மா என்று எத்தனை முறை சொல்லியும் பூங்காவனம் உட்காரவில்லை. சீடர் உட்கார்ந்துகொண்டும் குரு நின்றுகொண்டும் உபதேசம் நடந்தது அந்த மாவு மில்லில் மட்டும்தான் இருக்கும்.

“எனக்கு ரெண்டு சந்தேகம், பூங்காவனம்” என்றார் சீடர். மிளகாய் நெடியில் தும்மினார்.

“கேளுங்க சார்.”

“அடுத்த வாரம் சபையில எப்படிப் பேசறது? இது ஒண்ணு. ஓட்டை எனக்குப் போட்டவங்க மனுவை உன்கிட்ட கொண்டுவந்து குடுக்குறாங்களே, ஏன்? இது ரெண்டு.”

“ரெண்டும் ஒரே கணக்குதான் சார்.”

“அப்போ விடையைச் சொல்லு.”

குரு வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். சீடரின் வலது கையைப் பார்த்தார். அதில் பிரம்பு இல்லை, கைக்குட்டைதான் இருந்தது. இருந்தாலும் குரு மூடிக்கொண்டார்.

“என்னால சொல்ல முடியாது சார். வராது.”

ஏன் வராது என்று அவர் விளக்கினார். போன தேர்தலில் இவரை எதிர்த்துப் பிரசாரம் செய்தபோது அவர் ஒரு மேடையில்கூட இவர் பெயரைச் சொல்லவில்லை. ‘எதிர்த்து நிற்கிறவர்’ என்று ஆரம்பிப்பார், நாக்கு ஒட்டிக்கொள்ளும், விலைவாசிக்குப் போய்விடுவார். ஒரு நாள் பிரசார வேனில் மைக்கும் கையுமாக நிற்கும்போது எதிரே இவருடைய ஜீப் வந்தது. பூங்காவனம் வேனை விட்டு இறங்கி ஓரமாக நின்று வணக்கம் சொன்னார். கூட இருந்த கட்சிக்காரர்கள் அன்றைக்கே தேர்தல் வேலையை விட்டுவிட்டுப் போனார்கள்.

சீடருக்கு அந்த நாள் நினைவிருந்தது. ஒழுக்கமான பெண் என்று அன்று அவர் மகிழ்ந்திருந்தார்.

“அப்போ நான் என்னதான் செய்யறது?”

குரு யோசித்தார்.

“யாராவது ஒருத்தர் உங்களைத் திட்டணும் சார். வாய் நிறையத் திட்டணும். வாங்கிட்டு வாங்க, மிச்சத்தைச் சொல்றேன்.”

“என்னையா? எதுக்கு?”

“பாலத்துக்குத்தான் சார்.”

யாராவது கேட்கிறார்களா என்று சீடர் வாசலைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, வீட்டில் வாங்கும் திட்டு செல்லுமா என்று கேட்டார்.

“அது கணக்குல வராது சார்” என்றார் குரு.

மறுநாள் காலை சீடர் திட்டு வாங்கக் கிளம்பினார். சுலபமான காரியம் என்றுதான் கிளம்பினார். ஆட்சியில் இருப்பவனைத் திட்டுவதற்கு நாட்டில் ஆளா இல்லை?

முதலில் பேருந்து நிலையத்து டீக்கடை. கடைக்காரர் காத்தவராயன், பழைய மாணவர். அரசாங்கத்தைத் திட்டாமல் ஒரு டீ போடமாட்டார் என்று பெயர். சார் பெஞ்சில் உட்கார்ந்து, காத்தவராயா, என்னைத் திட்டு என்றார். காத்தவராயன் டம்ளரைக் கீழே வைத்தார். கைலியை இறக்கிவிட்டார். கையைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

“பயப்படாம திட்டுடா.”

“எந்தப் பாடத்துல சார்?”

சார் பொறுமையாக எடுத்துச் சொன்னார். பாலம் வாங்கித் தருவதாகச் சொன்னேன், வாங்கவில்லை, சபையில் கேட்கக்கூட இல்லை, எழுந்து வந்துவிட்டேன், இதற்கு நீ என்னைத் திட்ட வேண்டும். உதாரணத்துக்கு இரண்டு திட்டுகளைத் தானே சொல்லிக் காட்டினார். காத்தவராயன் உதடு அசைந்து அசைந்து நின்றது.  கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு திட்டினார்.

“நீங்க டீயில சர்க்கரை ரொம்பப் போட்டுக்கறீங்க சார்.”

சொல்லிவிட்டுக் கையை நீட்டினார். எதற்கு நீட்டினார் என்று அவருக்கே தெரியவில்லை. அடி வாங்கிப் பழகிய கை.

இது சரிப்படாது, தொழில் தெரிந்தவனிடம் போக வேண்டும் என்று சார் முடிவு செய்தார். எதிர்க்கட்சியில் கோதண்டம் என்று ஒரு மேடைப் பேச்சாளர் இருந்தார். திட்டுவதற்கென்றே அவரை வெளியூர்களில் கூப்பிடுவார்கள். அவர் பேசும் கூட்டத்துக்குக் குழந்தைகளை அழைத்து வராதீர்கள் என்று அவருடைய கட்சிக்காரர்களே சொல்வார்கள். சார் வீட்டு வாசலில் நிற்பதைப் பார்த்ததும் கோதண்டம் உள்ளே ஓடிச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்.

வந்த விஷயத்தைச் சார் சொன்னார்.  மைக் இல்லாமல் வராது சார் என்றார் கோதண்டம். சார் விடவில்லை. கட்சி ஆபீசுக்கே கூட்டிப்போய் மைக்கைப் போடச் சொல்லி, எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கோதண்டம் தொண்டையைச் செருமினார். துண்டைச் சரிசெய்தார்.

“பெருமதிப்புக்கும் பெரும் மரியாதைக்கும் உரிய” என்று தொடங்கினார். அதற்கு மேல் மரியாதைதான் வந்தது. கணக்கில் நாலு முறை தவறிய தன்னை ஐந்தாம் முறை தேற வைத்தவர், ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வரவழைத்துச் சொல்லிக் கொடுத்தவர், சோறும் போட்டவர் என்று ஒலிபெருக்கியில் தெருவே கேட்கச் சொல்லி அழுதுவிட்டார். எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஆளுங்கட்சி உறுப்பினருக்குப் பாராட்டுக் கூட்டம் என்று சாயங்காலத்துக்குள் பேச்சு பரவியது. கொறடாவிடமிருந்து போன் வந்தது. சார் எடுக்கவில்லை.

அவருக்கு அலுத்துப் போயிற்று. கோபமும் வந்தது. கோபம் யார் மேல் என்றுதான் தெரியவில்லை. ரேஷன் கடை, பஸ், கூட்டுறவுச் சங்கம், முடிதிருத்தும் கடை என்று நாலு நாள் அலைந்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒரு திட்டு விழவில்லை. அடுத்த நாள் இரவு சென்னைக்கு ரயில் ஏற வேண்டும். ஐந்து நிமிடத்தில் என்ன பேசுவது என்று இன்னும் ஒரு வரி கிடைக்கவில்லை. நைல் நதியை எடுத்துவிட்டால் அவரிடம் வேறு எதுவும் இல்லை.

கடைசியாக, ரயில் ஏறும் நாளன்று, அக்கரைமேட்டுக்கே போனார். கோடைக்கால ஆறு. தரைப்பாலம் நடுவில் உடைந்து கிடந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் நடந்து கரை ஏறினார். ஏறிய இடத்தில் ஒரு கைப்பம்பு. அங்கே ஒரு பெண் குனிந்து பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நாற்பது வயது இருக்கும். பேர் பச்சையம்மாள் என்று அவருக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவள் எழுந்து நிற்கவில்லை. நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குண்டானைத் தேய்த்தாள். தன்னை அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது என்று சார் நினைத்தார்.

“நான்தாம்மா எம்.எல்.ஏ.”

“தெரியுது.”

அதற்குள் ஊர் கூடிவிட்டது. ஆண்கள் துண்டை இடுப்புக்கு இறக்கினார்கள். கூட்டத்தைக் கண்டதும் சாருக்குப் பழைய வழக்கம் வந்துவிட்டது. வந்த காரியத்தை மறந்தார். போன முறை சொன்னதில் விட்டுப்போனதைச் சொல்லிவிடலாம் என்று தோன்றியது. அன்று சபையில் நடந்தது என்னவென்றால் என்று ஆரம்பித்து, சட்டமன்றம் என்றால் என்ன, அதில் எத்தனை உறுப்பினர்கள் என்பதற்குப் போனார்.

“நிறுத்துய்யா” என்றாள் பச்சையம்மாள்.

சார் நின்றார். பாடத்தின் நடுவில் அவரை யாரும் அப்படி நிறுத்தியதில்லை. மணி ஒன்றுதான் நிறுத்தியிருக்கிறது.

“பாலம் கேட்டியா, கேக்கலியா? அத்த மட்டும் சொல்லு.”

“கேட்கத்தாம்மா எழுந்தேன். அதுக்குள்ள மணி அடிச்சு...”

“மணி அடிச்சா எழுந்து வந்துருவியா? ஓட்டுக் கேக்க இதே பம்பாண்ட நின்னு எம்மா நேரம் பேசின, அப்ப எவன் மணி அடிச்சான்? எம் பொண்ணு அஞ்சாவது முடிச்சிட்டா. ஆறாவதுக்கு ஆத்தத் தாண்டணும். ஐப்பசில தண்ணி வந்தா தைய்யி வரைக்கும் வூட்லதான் குந்தணும். அப்பறம் எங்க போவும்? என்ன மாரி மாடு மேய்க்கத்தான் போவும். ஊர்ல உலகத்துல இருக்கற ஆத்தயெல்லாம் டிவில சொன்னியே, இந்த ஆத்துல எங்க இடுப்பு மட்டும் தண்ணி, எங்க ஆள முழுங்கற தண்ணின்னு தெரியுமா உனுக்கு? நீ பேசறது இங்க ஒருத்தனுக்கும் வெளங்கல. புரிஞ்சிச்சான்னு கேக்கற, புரிஞ்சிச்சின்றானுங்க. அடிப்பியோன்னு பயம். பாலம் வருமா வராதா? வராதுன்னா சொல்லிட்டுப் போ, எங்க அண்ணன் வூட்ல வுட்டுப் புள்ளயப் படிக்க வெச்சிக்கறேன். வரும்னா போயி வாயத் தொறந்து கேளு. பாலம் வேணும்னு கேக்கறதுக்கு எதுக்குய்யா இத்தினி சுத்து?”

ஊர் நடுங்கிவிட்டது. இரண்டு பேர் ஓடிவந்து, சார், அது படிக்காத பொம்பள, மனசுல வெச்சுக்காதீங்க என்றார்கள். ஒருவர் பச்சையம்மாளை வீட்டுக்குள் போகச் சொல்லி அதட்டினார். அவள் போகவில்லை. குண்டானைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்த பாத்திரத்தை எடுத்தாள்.

சாருக்குக் காது சுட்டது. வெட்கமாக இருந்தது. இந்த வயதில் இப்படி ஒரு பேச்சைக் கேட்க வேண்டியிருக்கிறதே என்று தோன்றியது. அதோடு கூடவே, இத்தனை நாள் தேடியது கிடைத்துவிட்டது என்ற சந்தோஷமும் வந்தது. எது முன்னால் வருவது என்று இரண்டும் முண்டியடித்ததில் அவர் கண் கலங்கிவிட்டது.

“ரொம்ப நன்றிம்மா” என்றார்.

வெயிலில் நடந்து வந்ததில் பெரியவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பச்சையம்மாள் நினைத்தாள். ஒரு சொம்பில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். சார் வாங்கிக் குடித்தார். பெயரும் படிப்பும் கேட்டார். குடித்த கையோடு செருப்பைக்கூட மாட்டாமல் ஆற்றில் இறங்கி நடந்தார்.

மில்லுக்குள் அவர் நுழைந்தபோது கேழ்வரகு அரைபட்டுக்கொண்டிருந்தது. குரு எழுந்து நின்றார்.

“கிடைச்சுருச்சு” என்றார் சீடர்.

முகமெல்லாம் மலர்ச்சியாக, வாங்கிய திட்டை முதலிலிருந்து கடைசிவரை ஒப்பித்தார். இடுப்பு மட்டும் தண்ணீருக்கு இடுப்பைத் தொட்டுக் காட்டினார். ‘நிறுத்துய்யா’வை மட்டும் இரண்டு முறை சொன்னார். குரு மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். சிரிப்பு வந்ததை முந்தானையால் மறைத்துக்கொண்டார்.

“எவ்வளவு நேரம் சார் திட்டுனாங்க?”

“ஒரு நிமிஷம் இருக்கும்.”

“முன்னுரை?”

“கிடையாது.”

“ஏதாவது விட்டுப்போச்சா?”

சீடர் யோசித்தார். பாலம் ஏன் வேண்டும், யாருக்கு வேண்டும், எந்த மாதத்துக்குள் வேண்டும், இல்லாவிட்டால் யார் வாழ்க்கை என்ன ஆகும், எல்லாம் இருந்தது.

“இல்ல” என்றார்.

“அதையே சபையில பேசிருங்க சார். ‘ய்யா’ வர்ற இடத்துல மாண்புமிகுன்னு போட்டுக்குங்க.”

அவ்வளவுதானா என்று சீடர் ஆச்சரியப்பட்டார். அவ்வளவுதான் என்றார் குரு. பத்து வருடம் எதிர்க்கட்சியில் இருந்துகொண்டு அந்தப் பாலத்தைக் கேட்டவர் அவர். ஒவ்வொரு முறையும் அரசின் பரிசீலனையில் உள்ளது என்ற பதிலை வாங்கி வந்திருக்கிறார். அதற்கு இதே பச்சையம்மாள் இந்த மில்லுக்கே வந்து அவரைத் திட்டிவிட்டும் போயிருக்கிறாள். இப்போது ஆளும் வரிசையில் இருந்து ஒருவர் கேட்டால் அமைச்சர் நிமிர்ந்து பார்ப்பார் என்று அவருக்கு நம்பிக்கை இருந்தது.  தோற்ற வருத்தம் அதில் இல்லை.

சீடர் எழுந்தார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. வாசல்வரை போனவர் திரும்பினார்.

“ஒரு சந்தேகம் மட்டும் தீரல. காத்தவராயனுக்கு வரல. கோதண்டத்துக்கு மைக் குடுத்தும் வரல. உனக்கே வரல. அந்தம்மாவுக்கு மட்டும் எப்படி அவ்வளவு தைரியம்?”

“அவங்க உங்ககிட்ட எந்த வருஷம் சார் படிச்சாங்க?”

“படிக்கலையே. என்கிட்ட படிச்சிருந்தா எனக்கு முகம் தெரியுமே. அஞ்சாவதோட நிறுத்திட்டாங்களாம்.”

“ஏன் சார்?”

“ஆறாவதுக்கு ஆத்தைத் தாண்டி நம்ம ஸ்கூலுக்கு...”

சீடர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

 குரு மாவு படிந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

“நல்லவேளை சார், அப்பவே பாலம் கட்டாமப் போனாங்க. கட்டியிருந்தா அந்தம்மாவும் வந்து உங்க கிளாஸ்ல உட்கார்ந்திருப்பாங்க. இன்னிக்கு உங்ககிட்ட பாலம் வேணும்னு சொல்ல இந்தத் தொகுதியில ஒரு ஆள் மிஞ்சியிருக்க மாட்டாங்க.”

 சீடர் அந்தத் திட்டை முதலிலிருந்து வாய்க்குள் ஒப்பித்துக்கொண்டே ரயிலுக்கு நடந்தார்.